பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம். தம்பி வீட்டுச் செய்தியை அவனே எழுதியிருப்பான்.

இருபது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கப்பலில் சாட்டிலைட் இணையம் உண்டு என்று சொன்னது நீதான். சரி, வேலை இருக்கும். பின் தளத்துக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள். சித்தப்பா சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் போன வாரம் வந்தார். "உங்கள் பெண் கடலில் எண்ணெய் தேடுகிறாளாமே?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கருவி ஒன்றுதான், தேடுவது வேறு, அவள் தேடுவது நிலநடுக்கம் உண்டாகும் பிளவுகளை என்று ஆரம்பித்தேன். ஏர்கன் அழுத்தி வைத்த காற்றைச் சட்டென்று தண்ணீரில் விடும். அந்தச் சத்தம் கடல்தரையைத் தாண்டி இறங்கும், பாறை மாறுகிற இடத்திலெல்லாம் எதிரொலிக்கும். கப்பல் இழுத்துப்போகும் கேபிளில் இருக்கிற ஹைட்ரோஃபோன்கள், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக்குகள், அதைக் கேட்கும். 2021இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய கஸ்கேடியா கடலில் 15 கிலோமீட்டர் கேபிளை இழுத்தார்கள் என்றும், அங்கே பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் நுழைகிற பிளவு ஒரே பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாக இருப்பது அதில்தான் தெரிந்தது என்றும் சொன்னேன். எந்தத் துண்டு அசையும், எவ்வளவு தூரம் உடையும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது அல்லவா? ஜப்பானில் 2011இல் வந்த தோஹோக்கு நிலநடுக்கத்தையும் விடவில்லை. கடலடி அகழிக்குப் பக்கத்தில் பிளவு மெல்ல நகருமே தவிர, பெரிதாகச் சறுக்காது என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். முன்பு அளந்த கடல்தரையோடு ஒப்பிட்டால் அது 50 மீட்டர் அளவுக்கு நகர்ந்திருந்தது. அதற்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பரவாயில்லை, இனி எண்ணெய் என்று சொல்ல மாட்டார்.

இவ்வளவும் நீ சொல்லித் தெரிந்ததுதான். இப்போது சொல்ல ஆளில்லை. அப்பாவுக்கு இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நீ சொன்ன இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கடல்தரையில் இறக்கி வைத்த ஓபிஎஸ் என்ற நில அதிர்வுமானிகளுக்காக ஏர்கன்னைச் சுடும்போது, ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் நடுவே கூடுதல் நேரம் விடுவீர்களாம். முந்தைய சத்தம் தண்ணீரில் அடங்குவதற்குள் மறுபடி சுட்டால், தூரத்திலிருந்து வருகிற சன்னமான அலை அதில் அமுங்கிப்போகுமாம். நான் நேற்று மட்டும் உன்னை ஆறு முறை அழைத்தேன்.

ராத்திரி ஷிப்ட் என்றால் பகலில் தூங்கு. லைஃப் ஜாக்கெட்டை மறக்காதே.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. முதல் தடவை நீ விண்ணப்பித்தபோது பதிலே வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நீ தபால்காரரைத் திட்டினாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பதில் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். உன்னை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்திருந்தேன். சேர வேண்டிய தேதி போய்விட்டது. கடல் என்றால் எனக்குப் பயம், அதுதான் காரணம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் கொஞ்சம்தான். நீ போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று யோசித்தேன், அவ்வளவுதான். உனக்கு ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம் முழுக்க நீ யாரோடும் சரியாகப் பேசவில்லை, என்னைத் தவிர.

அம்மாவுக்கு இது தெரியாது.

இதைச் சித்தப்பா உன்னிடம் சொல்லிவிட்டாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப்போவதில்லை என்று மேலே எழுதினேன், கேட்டுவிட்டேன். நீ கரைக்கு வரும்வரை இனி அழைக்க மாட்டேன். கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வரும்போது தருகிறேன். உறை பிரித்துத்தான் இருக்கும்.

அப்பா