ஒன்று பூஜ்ஜியம், அப்புறம் ஒன்று இரண்டு

பொன்மலை
23.11.2025

அன்புள்ள அந்தோணி,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். டாக்காவில் நம் இந்திய ஃபுட்பால் டீம் பங்களாதேஷிடம் 0-1 தோற்ற சூட்டில் பேசியிருக்கிறாய் போல. பாதி புரியவில்லை, மீதியைக் கடிதத்தில் எழுத முடியாது. பக்கத்தில் கமலா இருந்ததால் சத்தத்தைக் குறைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. இதற்குக் கட்டைவிரலால் இரண்டு வரி தட்டி அனுப்ப மனசு வரவில்லை. இங்கே விடாத மழை. மைதானம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, பையன்களுக்கு லீவு விட்டாயிற்று. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். என் முட்டியைப் பார்த்த டாக்டர் மாடி ஏறாதீர்கள் என்றார். பந்து உதைக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கமலாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு நிமிஷக் குரல் செய்தியில் ஏழு நிமிஷமும் பந்துதான்.

சரி, டாக்கா.

"ஒரே ஒரு கோல்தானே மாப்ளே, பதினோராவது நிமிஷத்துல வாங்கினது, அப்புறம் நம்ம பசங்க முட்டுமுட்டுனு முட்டிட்டாங்க, நெருங்கிட்டோம்" என்கிறாய். பங்களாதேஷ் நம்மை ஜெயிப்பது 22 வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் என்பதையும் நீயேதான் சொல்கிறாய். இந்த 'நெருங்கிட்டோம்' எனக்குப் பழைய வார்த்தை. 2019 ஜனவரியில் ஷார்ஜாவில் பஹ்ரைனோடு டிரா செய்தாலே ஆசியக் கோப்பையில் அடுத்த சுற்று என்று இருந்தது. தொண்ணூறு நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டு, கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டி கொடுத்தோம். 0-1. கான்ஸ்டன்டைன் அன்றைக்கே கோச் பதவியை விட்டுப் போனார். அன்றும் நீ 'நெருங்கிட்டோம்' என்றாய். நானும் தலையாட்டினேன்.

இந்தத் தடவை தலையாட்டவில்லை. போன வாரம் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஒரு கணக்கு எழுதினேன். கேள்.

2019 செப்டம்பர் 5, குவாஹாட்டி. ஸ்டிமாட்ச் கோச்சாக வந்து சில மாதம்தான். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற பழைய ஆட்டம் வேண்டாம், பின்னாலிருந்து பாஸ் போட்டு ஏறி வருவோம் என்று அணியையே மாற்றிக் கட்டுகிற நேரம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் ஆட்டம், எதிரில் ஓமன். நம் உதாந்தா அடித்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டது. 24ஆவது நிமிஷம் நம் கேப்டன் சேத்ரி கோல். எண்பது நிமிஷம் வரைக்கும் 1-0. 82இல் ஒன்று, 90இல் ஒன்று வாங்கினோம். 1-2.

2024 மார்ச் 26. அதே குவாஹாட்டி, அதே மைதானம். எதிரில் ஆப்கானிஸ்தான். சேத்ரிக்கு 150ஆவது ஆட்டம். அவரே பெனால்டியில் முதல் கோல் போட்டார். 70இல் ஒன்று வாங்கினோம், 88இல் பெனால்டியில் இன்னொன்று. 1-2.

2024 ஜூன் 11, உன் ஊர் தோஹா. எதிரில் கத்தார். நம் சாங்தே 37இல் கோல். அப்படியே முடிந்திருந்தால் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் முதன்முறையாக மூன்றாவது சுற்று. 73இலும் 85இலும் வாங்கினோம். 1-2.

2025 அக்டோபர் 14, கோவாவில் மட்காவ். எதிரில் சிங்கப்பூர். மறுபடியும் சாங்தே, 14ஆவது நிமிஷம். மறுபடியும் 1-2. ஆசியக் கோப்பைக் கதவு சாத்தியது.

நான்கு ஆட்டம், நான்கிலும் 1-0 என்று முன்னால் போய் 1-2 என்று முடித்திருக்கிறோம். இதில் மூன்று நம் ஊரிலேயே. தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். கமலா பால் கணக்கு என்று நினைத்துவிட்டாள்.

இப்போது மறுபக்கம். அதே 2019இல் கொல்கத்தாவில் பங்களாதேஷிடம் பின்தங்கியிருந்தபோது ஆதில் கான் 88இல் தலையால் முட்டி டிரா செய்தார். அடுத்த மாதம் துஷான்பேயில் ஆப்கானிஸ்தானிடம் பின்தங்கினோம், தொண்ணூறு தாண்டி மூன்றாவது நிமிஷத்தில் டூங்கல் போட்டார். இந்த அக்டோபரில் சிங்கப்பூர் மண்ணில், ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய், பத்துப் பேராக நின்று, 90இல் ரஹீம் அலி போட்டார். ஆக, கடைசிப் பத்து நிமிஷத்தில் நம் பையன்களுக்கு மூச்சு இல்லை, உடம்பு இல்லை என்று டிவியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் சொல்வது பொய். பின்னால் இருந்தால் துரத்துகிற கால்கள், முன்னால் இருந்தால் மட்டும் ஏன் கட்டிப்போட்ட மாதிரி நிற்கின்றன? என் கேள்வி அதுதான்.

0-3 தோற்றுவிட்டு வருகிறவன் இரவு தூங்கிவிடுவான். புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3 வாங்கினோம், இந்த வருஷம் ஈரானிடம் 0-3 வாங்கினோம். யாராவது இன்று அதைப் பேசுகிறோமா? அவர்கள் பெரியவர்கள், அவ்வளவுதான், சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். 1-2 அப்படியில்லை. அதில் ஒரு த்ரோ, ஒரு கிளியரன்ஸ், ஒரு அரை அடி இருக்கிறது. அந்த அரை அடி யாருடையது என்று பதினோரு பேருக்கும் தெரியும். அடுத்த ஆட்டத்தில் 1-0 ஆனதும் அந்த அரை அடி முதலில் வந்து நிற்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் பையன்களிடம் படித்தேன்.

பதினாறு வயசுக்குட்பட்ட டீம். போன வருஷம் பெரிய பையன்கள் எல்லாம் வயசு தாண்டிப் போய்விட்டார்கள். புதுசாகக் கட்டுகிறேன். ஆடி மாசத்திலிருந்து நான்கு ஆட்டம் வரிசையாகத் தோல்வி, நான்கும் ஒரு கோலில். மூன்றாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். 1-0 முன்னால் இருக்கிறோம். இடது பக்கத் தடுப்பில் பேக் ஆடுகிற பையன், குட்டி என்று கூப்பிடுவோம், பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "சார், டைம் எவ்ளோ?" என்றான். பன்னிரண்டு நிமிஷம் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "சார், டைம்?" பத்து. மூன்றாவது தடவை அவன் கேட்டு வாயை மூடுவதற்குள் எதிர் டீம் வலது பக்கத்து ஆள் அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். கோல். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று.

ஆட்டம் முடிந்து திட்டலாம் என்றுதான் கூப்பிட்டேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே அவன் சொன்னான்: "சார், அஞ்சு கோல்ல தோத்தா வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார். ரெண்டு ஒண்ணுன்னாதான் 'நீ எங்கடா நின்ன?'ன்னு கேக்குறாங்க." அப்புறம் நான் என்னத்தைத் திட்ட?

அன்று ராத்திரி 2019 குவாஹாட்டி ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிஷத்தை யூடியூபில் மறுபடி போட்டுப் பார்த்தேன். பதினோரு பேரும் நம் பெனால்டி பெட்டிக்கு முன்னால். பந்து காலுக்கு வந்ததும் யாரும் நிறுத்திப் பாஸ் போடவில்லை, தூக்கி வெளியே அடிக்கிறார்கள். நான்கு மாதமாகப் பழகிய புது ஆட்டம் எங்கே போனது? பயம் வந்தால் பழைய பழக்கம் வந்துவிடும். வெளியே அடித்த பந்து ஐந்து விநாடியில் திரும்ப வருகிறது, மறுபடி அடிக்கிறார்கள், மறுபடி வருகிறது. எல்லாரும் குட்டிதான்.

தோஹா ஆட்டத்துக்கு நீ ஸ்டேடியத்திலேயே இருந்தாய், உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கத்தாரின் அந்த முதல் கோல் அநியாயம். நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது, அதை இழுத்து உள்ளே தட்டினார்கள், ரெஃப்ரி கோல் என்றார், வீடியோ பார்த்து முடிவு சொல்ல அங்கே ஏற்பாடும் இல்லை. உலகமே பார்த்தது. ஆனால் 73க்கும் 85க்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம் இருந்ததே மாப்ளே. டிராவில் இருக்கிறோம், இன்னும் ஒரு கோல் போட்டால் மேலே போகலாம், ஆனால் நம் ஆட்கள் முகத்தில் ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. முதல் கோலை ரெஃப்ரி கணக்கில் எழுது, மறுக்கவில்லை. இரண்டாவதை நம் கணக்கில்தான் எழுத வேண்டும். அதற்கு முன்னால் குவாஹாட்டியில் இரண்டு தடவை இதே மாதிரி ஆகியிருக்காவிட்டால் அந்தப் பன்னிரண்டு நிமிஷம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

அதே தோஹாவில் 2019இல் ஆசியச் சாம்பியனாக இருந்த கத்தாரை 0-0 என்று நிறுத்தினோமே, சேத்ரி உடம்பு சரியில்லாமல் ஆடாத ஆட்டம், குர்பிரீத் ஒற்றை ஆளாகச் சுவர் மாதிரி நின்றது. அன்று ராத்திரி போன் செய்து அழுதாய். மறுக்காதே, கமலா சாட்சி. ஓமனிடம் தோற்ற ஐந்தாவது நாள் அது. ஒரு தோல்வி ஒன்றும் செய்யாது என்பதற்கு அதுதான் எடுத்துக்காட்டு. அதே மாதிரி இரண்டு, மூன்று என்று சேர்ந்தால்தான் காலில் இறங்குகிறது.

மேலே இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு கோல் தோல்வி வேறு மாதிரி வசதி. 'நல்லாத்தான் ஆடினோம், அதிர்ஷ்டம் இல்லை' என்று ஒரு அறிக்கை போதும். அது செல்லாத நாளில் கோச்சை மாற்று. கான்ஸ்டன்டைன், ஸ்டிமாட்ச், மனோலோ, இப்போது காலித் ஜமீல். ஏழு வருஷத்துக்குள் நான்கு பேர். ஸ்டிமாட்ச் தோஹா ஆட்டம் முடிந்த ஆறாவது நாள் போனார். மனோலோ ஹாங்காங்கில் கூடுதல் நேரப் பெனால்டியில் 0-1 தோற்று, அடுத்த மாதம் போனார். நீ கட்டடக்காரன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்ட்ரிங் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே மேஸ்திரியை மாற்றினால், வருகிறவன் முதலில் என்ன செய்வான்? பழைய ஆள் கட்டிய சுவரில் ஒன்றை இடிப்பான்.

கோல் போடுகிற ஆள் இல்லை என்பதும் இருக்கிறது. கிளப்களில் முன்னால் நிற்கிற இடம் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போய்விடுகிறது. சேத்ரி 40 வயசில் ஓய்வை ரத்து செய்துவிட்டுத் திரும்ப வந்ததே அதனால்தான். இரண்டாவது கோல் வரும் என்று நம்பிக்கை இல்லாதவன் முதல் கோலைப் பொத்திக்கொண்டுதான் நிற்பான். கிளப்கள் ஆடுகிற ஐ.எஸ்.எல். லீக் வேறு இந்த வருஷம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, சில கிளப்கள் பயிற்சியையே நிறுத்தி வைத்தன. ஆட்டமே இல்லாத பையன்களைக் கூட்டிக்கொண்டு டாக்காவுக்குப் போய் 'முட்டினார்கள்' என்கிறோம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பிரஷர் ஏறும், விடு.

செப்டம்பரில் தஜிகிஸ்தானில் ஓமனைப் பெனால்டியில் ஜெயித்தோமே, அந்த ஆட்டத்தை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். உதாந்தா 80இல் சமன் செய்தார். 2019இல் கம்பியில் அடித்த அதே உதாந்தா! கடைசிப் பெனால்டியை குர்பிரீத் தடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்து அரை மணி நேரம் நிற்கவில்லை. ஓமனை நாம் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. சரி, காலிலிருந்து இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தே வாரத்தில் மட்காவ்.

என் பையன்களுக்கு ஒன்று செய்து பார்க்கிறேன். பயிற்சி முடிகிற நேரத்தில், களைத்துப் போனபிறகு, ஒரு பத்து நிமிஷ ஆட்டம். ஒரு பக்கம் 1-0 முன்னால் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். முன்னால் இருக்கிற பக்கம் பந்தை வெளியே அடிக்கக் கூடாது. அடித்தால் எதிர்ப்பக்கத்துக்குக் கோல் கணக்கு. வாட்சை நான் பையில் போட்டுவிடுவேன், யாருக்கும் நேரம் சொல்ல மாட்டேன். முதல் நாள் ஆறு தடவை வெளியே அடித்தார்கள். ஒரு பந்து ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்த துணியில் போய் விழுந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனதில் டாக்டர் வேண்டாம் என்ற மாடியை ஏறிவிட்டேன். இரண்டாவது வாரம் மூன்று தடவை. மழை வருவதற்கு முந்தின நாள் ஒரு தடவை, அதுவும் குட்டிதான்.

போன ஞாயிறு ஆட்டத்தில் 2-3 தோற்றோம். ஆமாம், மறுபடியும் ஒரு கோல்தான், சிரிக்காதே. ஆனால் 2-1 என்று இருந்தபோது குட்டி பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லாததால் கோல் விழுந்தது. பேக் அப்படி ஓடக் கூடாது என்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஜனவரியில் நீ வரும்போது ஒரு உதவி. எங்கள் கோலிக்குக் கையுறை கிழிந்துவிட்டது, செல்லோடேப் சுற்றித்தான் நிற்கிறான். எட்டாம் நம்பர் சைஸ், விலை அதிகம் வேண்டாம், உள்ளங்கையில் ரப்பர் நன்றாக இருந்தால் போதும். முடிந்தால் இரண்டு ஜோடி. பேரீச்சம்பழம் கொண்டு வந்தால் கமலாவுக்குத் தெரியாமல் என்னிடம் கொடு.

உன்
கண்ணன்