கட்டியும் காசும் சேர்ப்போருக்கு எங்கள் கடையின் மடல்

இராஜ வீதி, கோயம்புத்தூர்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஆடி முதல் தேதியிலிருந்து, தங்கக் கட்டி, வெள்ளிக் கட்டி, காசு ஆகியவற்றை உங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் முறையில் ஒரு மாற்றம் செய்கிறோம். உருக்காலையின் சீல் வைத்த உறை பிரிக்கப்படாமல், எங்கள் ரசீதுடன் வரும் தங்கக் கட்டியை, அன்றைய விலையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் மட்டும் குறைத்து உடனே எடுத்துக்கொள்வோம். உறை பிரித்த கட்டியை, யாரிடம் வாங்கியதாக இருந்தாலும், உங்கள் கண்ணெதிரே உருக்கி, டச் (தங்கத்தின் சுத்தம்) பார்த்து, கிடைத்த சொக்கத் தங்கத்துக்கு மட்டுமே விலை தருவோம்; உருக்குக் கூலியும் அதில் கழியும். இந்த ஏற்பாட்டைக் கேட்டவுடன் சிலருக்கு மனவருத்தம் உண்டானதை அறிவோம். ஆகவே காரணத்தை விரிவாக எழுதுகிறோம்.

காங்கயம் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர், கொப்பரை விற்ற பணத்தில் ஆண்டுக்கு ஒரு 10 கிராம் கட்டி என்று எங்களிடம் வாங்கிச் சேர்த்து வந்தார். சென்ற தை மாதம் பேத்தியின் கலியாணச் செலவுக்காக ஏழு கட்டிகளை மஞ்சள் பையில் கொண்டுவந்தார். நான்கு கட்டிகள் உறையோடு இருந்தன. மூன்றை மட்டும் வீட்டில் உறையைக் கிழித்து, குங்குமம் வைத்து, சாமி அறையில் பூசைக்கு வைத்திருந்தார்கள். முதல் நான்குக்கும் கால் மணி நேரத்தில் பணம் கொடுத்தோம். மற்ற மூன்றுக்கு அவர் மதியம் வரை காத்திருக்க நேர்ந்தது. “ஏனுங்க, அட்டையக் கிழிச்சதுக்குத் தங்கம் கெட்டா போயிருச்சு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஏதுமில்லை. அந்தக் கட்டிகளில் ஒரு மில்லிகிராமும் குறைந்திருக்கவில்லை. ஆயினும் உருக்கிப் பார்க்கும் வரை அது எங்களுக்குத் தெரிய வழியில்லை.

டச் பார்க்கும் மெஷின் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மெஷின் எக்ஸ்ரே கதிரைக் கொண்டு கட்டியின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. உரைகல்லுக்கும் இதே குறைதான். எடையைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்றால், டங்ஸ்டன் என்ற உலோகம் அங்கே குறுக்கே நிற்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் நிறுக்கும். டங்ஸ்டனும் ஏறத்தாழ அதே எடைதான், 19.25 கிராம். ஆகவே தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்தாலும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்களே இதில் ஏமாந்தோம். உறையில்லாத 50 கிராம் கட்டி ஒன்று மெஷினில் 999, அதாவது ஆயிரத்துக்கு 999 பங்கு தங்கம் என்று காட்டியது, தராசிலும் சரியாக நின்றது, பணத்தையும் கொடுத்துவிட்டோம். மறுநாள் பட்டறையில் வெட்டுளியை வைத்து அடித்தபோது, வெண்ணெய் போல இறங்க வேண்டிய உளி பாதியில் நின்று வழுக்கியது. பொன்னிறத் தோலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. கொண்டுவந்தவரும் அறியாமல்தான் வாங்கியிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. நட்டத்தைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம்.

உறை பிரிக்காத கட்டியிலும் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருப்பது ஏன் என்பது அடுத்த கேள்வி. நூறு ரூபாய்த் தங்கத்துக்கு மூன்று ரூபாய் ஜி.எஸ்.டி. செலுத்துகிறீர்கள். அது அரசுக்குப் போய்விடும். நீங்கள் விற்கும்போது அது திரும்பி வருவதில்லை. அதன்மேல் கட்டி அச்சிட்ட கூலி இருக்கிறது. ஒரு கிராம் காசுக்கும் ஐம்பது கிராம் கட்டிக்கும் அச்சுக்கூலியில் பெரிய வேறுபாடு இல்லாததால், சிறிய காசில் அது கிராமுக்குக் கிராம் கனமாக விழுகிறது. ஒரு கிராம் காசைக் காதுகுத்துச் சீருக்கும் பிறந்தநாளுக்கும் வாங்குங்கள், மகிழ்ச்சியாகத் தருகிறோம். சேமிப்பு என்று எண்ணி மாதம் ஒன்றாக வாங்குவதைவிட, ஆறு மாதப் பணத்தைச் சேர்த்து ஒரு கட்டியாக வாங்குவதே மேல். இதனால் எங்களுக்கு வரும்படி குறையும் என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம்.

கட்டியின் மேல் உருக்காலையின் முத்திரை, எடை, வரிசை எண் ஆகியவற்றோடு 999 அல்லது 995 என்ற எண்ணும் இருக்கும். நூறு கிராம் கட்டியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.4 கிராம் சொக்கத் தங்கம். விலை ஒன்றே என்று யாரேனும் சொன்னால் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 916 முத்திரையுள்ள எட்டு கிராம் பவுன் காசு வேறு வகை. அதில் இருப்பது 7.33 கிராம் சொக்கத் தங்கம். பழைய ஆங்கிலேயப் பவுன் 7.988 கிராம் நிறுக்கும், அதிலும் சொக்கம் 7.32 கிராம்தான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டியை நம்பாமல் நகையையே நம்பியதற்கு ஆசை மட்டும் காரணமல்ல. 1968-ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்படும் வரை, தனி மனிதர் தங்கத்தைக் கட்டியாக வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் வங்கியில் இன்னும் தெரிகிறது: நகையை அடகு பிடிப்பார்கள், கட்டியின் மேல் கடன் தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் தரவில்லை. தங்கக் காசுகளுக்கு மட்டும் ஒருவருக்கு ஐம்பது கிராம் வரை அனுமதி உண்டு. விதைப்புக்கும் உரத்துக்கும் ஆண்டுதோறும் நகைக்கடன் எடுப்பவர்கள், கையிலுள்ள தங்கம் முழுவதையும் கட்டியாக மாற்றிவிட வேண்டாம்.

வெள்ளியைப் பற்றி. உலகின் வெள்ளித் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளுடையது; சோலார் தகடு முதல் மின் இணைப்புகள் வரை அது போகிறது. எனவே தங்கத்தைவிட வெள்ளியின் விலை வேகமாக ஏறும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். பழைய கொலுசுகளைக் கொடுத்துக் கட்டி வெள்ளி கேட்பவர்கள், கொலுசில் பற்றும் (ஒட்டவைக்கும் உலோகம்) செம்பும் கலந்திருப்பதால் எடைக்கு எடை கிடைக்காது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வைக்கும் முறையிலும் கவனம் தேவை. ஒரு கிலோ கட்டியை ரப்பர் பேண்டு போட்டுப் பீரோவில் வைத்திருந்த அம்மணி ஒருவர், அதன் நடுவே அடிமட்டம் வைத்து வரைந்தது போன்ற கறுப்புக் கோட்டைக் காட்டிக் கலங்கினார். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. எடையிலோ விலையிலோ குறைவில்லை. காற்றுப் புகாத பையில் ரப்பரின்றி வைத்தால் போதும்.

பழைய வெள்ளி ரூபாய்களைப் பொழுதுபோக்காகச் சேர்ப்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர், இதை எழுதுபவரும் அவர்களில் ஒருவர். விக்டோரியா ராணி காலம் தொடங்கி 1939 வரை அடித்த ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில், ஆறாம் ஜார்ஜின் அதே முகம் இருந்தாலும், வெள்ளி பாதிதான். 1947-இல் வந்தது முழுக்க நிக்கல். ஆகவே ஆண்டைப் பார்க்காமல் “ஜார்ஜ் ரூபாய்” என்ற பெயருக்கு விலை பேசாதீர்கள். இன்னொன்று: எங்களிடம் காட்டக் கொண்டுவரும் முன் புளி போட்டுத் தேய்த்து விளக்காதீர்கள். பளபளக்கும் காசுக்கு வெள்ளி விலைதான். அழுக்கோடு, எழுத்து தேயாமல் வரும் காசுக்குச் சேகரிப்பாளர் அதற்கு மேலும் கொடுப்பார்.

ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் பழைய ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சானவை, இரண்டு கோடைகளில் எழுத்து மறைந்துவிடும். ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் லாபத்துக்கு, 2024 ஜூலையில் வந்த மாற்றத்தின்படி, நூற்றுக்கு பன்னிரண்டரை வரி. வாங்கிய விலையைக் காட்ட ரசீது இல்லையென்றால் அந்தக் கணக்கே சிக்கலாகிவிடும். இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க எங்களுக்கு அனுமதியில்லை; அந்தத் தொகைக்கு பான் அட்டையும் கேட்போம், தவறாக எண்ண வேண்டாம். திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை சோதனையில் கைப்பற்றுவதில்லை என்று பலரும் சொல்வது 1994-இல் வந்த வழிகாட்டுதல். அது நகைகளுக்கே உரியது, கட்டிக்கும் காசுக்கும் அதைப் பொருத்திக்கொள்ளாதீர்கள்.

கட்டிகளை எங்கள் பெட்டகத்திலேயே விட்டுவைக்கச் சிலர் கேட்கிறார்கள். அதைச் செய்வதற்கில்லை. வங்கி லாக்கரில் வையுங்கள், எங்கே வைத்தீர்கள் என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். நம் கடைக்கு அருகே உள்ள வெள்ளலூரில் 1842-இல் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன, ஐந்நூறுக்கும் மேல். பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற ரோமானியப் பேரரசர்களின் காலத்தவை. புதைத்தவர் யாரிடமும் சொல்லாமல் போயிருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டன்று கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் அன்றும் அதற்கு முந்தைய நாளும் உருக்கும் அடுப்பு மூட்டப்படாது. உறை பிரித்த கட்டியை விற்க வருவோர் அதற்கு முன்போ பின்போ, காலை பதினொரு மணிக்குள் வந்தால் அன்றைக்கே பணம் தந்துவிட முடியும்.

இப்படிக்கு,
கடையார்