குடல் கழுவும் வழியைக் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள்

குடல்நோய் மருத்துவர்களுக்கும் பெருங்குடல் அறுவை மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெருங்குடல் சரியாக அசையாமல் பல வருடங்களாக வாழ்கிறவள் நான். எங்களைப் போன்றவர்கள் உங்கள் அறைக்குள் வரும்போது கையில் தடித்த ஃபைல் இருக்கும், வாயில் வார்த்தை வராது. மலம் போகவில்லை என்று வளர்ந்த ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது எவ்வளவு கூச்சம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தைத் தாண்டி நாங்கள் பேச ஆரம்பிப்பதற்குள் எங்களுக்கான நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுத்தில் சொல்கிறேன்.

என் பிரச்சினை முதன்முதலில் ஓர் எக்ஸ்ரேயில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் 24 சின்ன வளையங்கள் அடங்கிய கேப்ஸ்யூல் ஒன்றை விழுங்கச் சொன்னார்கள். இடையில் மலமிளக்கி எதுவும் எடுக்கக் கூடாது. ஐந்தாம் நாள் படம் எடுத்தார்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நானே எண்ணினேன். முதலில் 19 வந்தது. மறுபடி எண்ணியபோது 21. இரண்டு வளையங்கள் இடுப்பெலும்பின் நிழலில் மறைந்திருந்தன. ஐந்தாறு தங்கினாலே குடல் மந்தம் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். என் வளையங்கள் கீழே ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை, வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வரை சிதறிக் கிடந்தன. வாசலில் மட்டும் தடை இருந்தால் பெரும்பாலும் ஆசனவாய்க்கு மேலே கூட்டமாக நிற்கும், இப்படிச் சிதறினால் குடல் முழுவதுமே மெதுவாக இருக்கிறது என்று படம் எடுத்தவர் விளக்கினார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். பயத்தில் இல்லை. இது என் சோம்பலோ மனப்பிரமையோ இல்லை என்று ஒரு படம் சாட்சி சொல்லிவிட்டதே, அதனால்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

நார்ச்சத்தைக் கூட்டினேன், உப்புசம்தான் கூடியது. லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால், பிஸகோடில், பிறகு புரூகலோபிரைடு என்று மருந்துகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. முக்கும்போது ஆசனவாய்த் தசையைத் தளர்த்தப் பழக்கும் பயோஃபீட்பேக் பயிற்சியும் முடித்தேன். அதன்பின் ஒரு மருத்துவர் (பெயர் வேண்டாம், அவர் அக்கறையானவர்தான்) "பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலை மலக்குடலோடு இணைக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். மாத்திரையிலிருந்து நேரே அங்கே. நடுவில் ஏதாவது படி இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. படி இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்?

நடுவில் இருந்ததைச் சொன்னவர் ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) பிரிவுச் செவிலியர் ஒருவர். அதுவும் வராண்டாவில், நான் கிளம்பும்போது, குரலைத் தாழ்த்தி. "தண்ணீர் விட்டுக் கழுவும் முறைகள் இருக்கின்றன. கீழேயிருந்தும் செய்யலாம், மேலேயிருந்தும் செய்யலாம். டாக்டரிடம் கேளுங்கள்." என் வாழ்க்கையை மாற்றக்கூடிய ஒரு செய்தி வராண்டாவில் எனக்குக் கிடைத்திருக்கக் கூடாது. அது உங்கள் மேசையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி கிடைத்திருக்க வேண்டும்.

கீழேயிருந்து கழுவுவதை முதலில் முயன்றேன். ஆபரேஷன் எதுவும் இல்லை. இளஞ்சூடான தண்ணீர் நிறைந்த பை, ஒரு குழாய், அதன் நுனியில் மலக்குடலுக்குள் ஊதி நிற்கும் சின்ன பலூன் அல்லது ஒரு கூம்பு. தண்ணீரை மெதுவாக உள்ளே விட்டு, குழாயை எடுத்துவிட்டு, காத்திருக்க வேண்டும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களிடம் இந்த முறை வழக்கமான பராமரிப்பைவிட நன்றாக வேலை செய்தது என்று 2006-லேயே ஒப்பீட்டு ஆய்வு வெளியாகியிருக்கிறது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து மிக அரிது என்றாலும் உண்டு. அதனால் முதல் சில தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததோ ஒரு பெட்டியும் ஒரு கையேடும்தான். பலூனை எவ்வளவு ஊதுவது என்று தெரியாமல் முதல் வாரம் குளியலறைத் தரை முழுக்கத் தண்ணீர். இரண்டாவது மாதம்தான் கை பழகியது. இடது பக்கம் காலியானது. எத்தனையோ வருடம் கழித்து வயிற்றின் ஒரு பாதியாவது லேசாக இருந்தது. வலது பக்கத்துக் கனம் அப்படியே நின்றது, ஏனென்றால் கீழேயிருந்து விடும் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறுவதில்லை.

சரி, இனி மேலேயிருந்து கழுவுவது பற்றி. உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் மற்ற நோயாளிகளுக்காகவும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எதற்கும் பயனில்லாத உறுப்பு என்று பெயர் வாங்கிய குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) தண்ணீர்க் குழாயாக மாற்றுவதுதான் அடிப்படை யோசனை. 1980-ல் மித்ரோஃபனாஃப் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் குடல்வாலைச் சிறுநீர்ப்பைக்கும் வயிற்றுத் தோலுக்கும் நடுவே ஒரு பாதையாக வைத்தார். 1990-ல் மலோனும் அவருடைய சகாக்களும் அதே தத்துவத்தைப் பெருங்குடலுக்குக் கொண்டுவந்து லான்செட் இதழில் எழுதினார்கள். குடல்வாலின் நுனியைத் தொப்புளிலோ வலது அடிவயிற்றிலோ தோலுக்கு வெளியே திறந்து வைக்கிறார்கள். பார்ப்பதற்குச் சின்னத் துளைதான், பை ஒட்ட வேண்டியதில்லை. கழிப்பறையில் உட்கார்ந்து, அந்தத் துளைக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தித் தண்ணீரையோ சலைனையோ (உப்புக் கரைசல்) விட வேண்டும். பெருங்குடல் தொடங்கும் இடத்திலிருந்தே மலத்தைத் தள்ளிக்கொண்டு வரும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும்.

குடல்வால் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் பெருங்குடலின் தொடக்கப் பகுதியிலிருந்தோ சிறுகுடலிலிருந்தோ ஒரு குழாய் செய்துகொள்ளலாம். 1996-ல் டொரொண்டோ குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வெளியான இன்னொரு வழியும் இருக்கிறது: வயிற்றைத் திறக்காமல், படம் பார்த்தபடியே தோல் வழியாகப் பெருங்குடலுக்குள் குழாய் வைப்பது. பிறகு அதை மாற்றி, மூடியோடு தட்டையாகத் தோலோடு ஒட்டி நிற்கும் சின்ன பட்டனை வைக்கிறார்கள். அந்த பட்டனின் மாதிரியை அந்தச் செவிலியர் ஒருநாள் என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, மூடியைத் திறக்கும்போது மெல்லிய 'டக்' சத்தம். உள்ளே போகும் பகுதி சுருள் சுருளாக, விட்டால் தானே வளையும். இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்தது இவ்வளவு சின்னப் பொருளா என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும் என்றார். வெட்டி எடுத்த பெருங்குடலை யாரும் திருப்பி வைக்க முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எங்களிடம் ஏன் பேசக் கூடாது?

இதை அற்புதம் என்று சொல்லி விற்கச் சொல்லவில்லை. இந்த ஆபரேஷன் முதுகெலும்புப் பிளவோடும் ஆசனவாய்க் குறைபாட்டோடும் பிறந்த குழந்தைகளுக்காக உருவானது. அவர்களிடம்தான் அது நன்றாகப் பலிக்கிறது. என்னைப் போல பெரியவர்களான பின் மந்தக் குடலோடு வருகிறவர்களில் கணிசமானோர் சில வருடங்களில் விட்டுவிடுகிறார்கள். துளை சுருங்கிப்போகும், கதீட்டர் ஏறாது. கசியும். சுற்றிலும் சிவந்த சதை வளரும். தண்ணீர் உள்ளே போகும்போது வயிறு முறுக்கிப் பிடிக்கும். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே முழுதாகச் சொல்லுங்கள். நாங்கள் ஓடிவிட மாட்டோம். பாதி மட்டும் சொன்னால்தான், பிறகு அதைத் தெரிந்துகொள்ளும் நாளில், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளையும் தவறாமல் செய்யுங்கள். இடுப்புத்தளத் தசை முக்கும்போது திறப்பதற்குப் பதில் இறுகுகிறவருக்கு மேலேயிருந்து எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வாசலில் வந்து முட்டி நிற்கும். 50 மில்லி தண்ணீர் நிறைந்த பலூனை வெளியே தள்ள முடிகிறதா என்று பார்ப்பது எளிய பரிசோதனை. அதையே செய்யாமல் அறுவை வரை கொண்டுபோகப்பட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். இரைப்பையும் சிறுகுடலும் சேர்ந்து மந்தமா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் பெருங்குடலைக் கழுவுவது அதன் ஒரு பகுதியைத்தான் சரிசெய்யும், எடுத்தாலும் அப்படித்தான். பெருங்குடலை எடுக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால்கூட, முதலில் தற்காலிக இலியாஸ்டமி (சிறுகுடலை வயிற்றுத் தோலில் திறந்து வைக்கும் ஸ்டோமா) போட்டுச் சிறுகுடல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சில மாதம் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஸ்டோமாவோடு நிம்மதியாக இருந்து, அதையே நிரந்தரமாக்கச் சொல்லும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.

குழந்தைகளுக்கு அறுவை செய்கிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். முதுகெலும்புப் பிளவோ ஆசனவாய்க் குறைபாடோ உள்ள குழந்தையின் வயிற்றை வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது, கண்ணில் பட்டதே என்று நல்ல குடல்வாலை எடுத்துவிடாதீர்கள். அந்தக் குழந்தை பள்ளிக்கு டயப்பர் இல்லாமல் போவதற்கான பாதை அதுவாக இருக்கலாம். பெற்றோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கழுவும் திரவத்தில் எதைக் கலப்பது என்பதையும் எழுதியே கொடுங்கள். சிறுநீரகம் பலவீனமான குழந்தைக்கு பாஸ்பேட் எனிமா (பாஸ்பேட் உப்பு கலந்த கழுவும் திரவம்) ஆபத்தாக முடியும். சின்ன உடம்பில் வெறும் தண்ணீர் அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் மிகவும் கேட்டுக்கொள்வது. அளவு, வேகம், நேரம், எதைக் கலப்பது என்று ஒவ்வொருவருக்கும் சரியாக அமைய மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்களில் நமக்குப் பழக்கமான ஒரே செவிலியர் போனில் இருந்தால் பாதிப் பேர் விட்டுவிட மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். இதோடு வாழும் ஒருவரிடம் முன்கூட்டியே பேச வைத்தால் இன்னும் நல்லது. நான் அப்படி ஒரு பெண்ணிடம் பேசினேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எந்தத் துண்டுப்பிரசுரமும் தராததைத் தந்தது. குளிர்ந்த தண்ணீர் வயிற்றைப் பிடிக்கும், கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு விடு என்றார் அவர். முதல் இருபது நிமிடம் எதுவும் வராது, பயந்து எழுந்துவிடாதே என்றும் சொன்னார்.

நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. பட்டனா, குடல்வாலா, இன்னும் சில மாதம் கீழேயிருந்தே கழுவிப் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு ஒரு தாளில் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். வைத்து சில நாளேயான குழாய் வெளியே வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்படி ஆனால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பதிலாக ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களில் ஒருத்தி