உலையில் 95, விடைத்தாளில் 100

ஆசிரியருக்கு,

ஏற்காட்டில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பிறந்து வளர்ந்தது கீழே, கொண்டலாம்பட்டியில். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் துவரம்பருப்பு எத்தனை நேரம் அடுப்பில் கிடந்தாலும் மசியாது. பருப்பு பழசு என்று மளிகைக்காரரிடம் சண்டைக்கே போனேன். "இது மலைம்மா, குக்கர் வாங்கிக்கோ" என்று சிரித்தார். ஏன் என்பதை என் மகள் சொல்லித்தான் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

ஏழாவது படிக்கிறாள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்ததும் தெர்மாமீட்டர் வேண்டுமென்று ஒரே அடம். சேலத்தில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாங்கிக் கொடுத்தோம். விடியற்காலையில் கடை உலைக்குள், பானையில் படாமல் நூல் கட்டித் தொங்கவிட்டாள். தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் 95-ஐத் தாண்டவில்லை. விறகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், ம்ஹூம். மூன்று நாள் பார்த்து நோட்டில் எழுதினாள். அப்புறம் அவளே காரணமும் தேடிப் படித்தாள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குமாம். அப்படிப் பார்த்தால் சேலத்திலேயே 99தான்.

காலாண்டுத் தேர்வில் 'நீரின் கொதிநிலை ____' என்று கேட்டிருந்தார்கள். 'கடல் மட்டத்தில் 100, எங்கள் ஊரில் 95' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி.

ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். "அவள் எழுதினது சரிதாங்க. ஆனா விடைக்குறிப்புல 100 மட்டும்தான் இருக்கு. இப்பவே பழக்கலைன்னா பத்தாவதுல மார்க் போயிடும்" என்றார். அவர் மேல் கோபமில்லை. அவரையும் ரிசல்ட்டை வைத்துத்தானே கேள்வி கேட்கிறார்கள்.

2018-லிருந்து வந்த புதிய பாடப்புத்தகங்களில் செயல்பாடு என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள், கியூஆர் கோடுகூட இருக்கிறது. நல்ல புத்தகங்கள்தான். செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் மார்க் இல்லை.

கல்வித்துறையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வினாத்தாளுக்கு ஒரு கேள்வி, அந்தந்த ஊரிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். மலைப் பிள்ளைகளிடம் பருப்பு ஏன் வேக மாட்டேன் என்கிறது என்று கேளுங்கள். மேக்னசைட் வெட்டும் பக்கத்துப் பிள்ளைகளிடம், அந்தக் கல்லைச் சூளையில் சுட்டால் எடை ஏன் பாதிக்குப் பாதி குறைகிறது என்று கேளுங்கள். விடைக்குறிப்பில் ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, 'பொருத்தமான காரணம் சொல்லியிருந்தால் மதிப்பெண்' என்று போடுங்கள். திருத்த நேரமாகும்தான், ஆகட்டுமே.

அரையாண்டிலும் அதே கேள்வி வரும் என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். "எதைம்மா எழுதறது?" என்று கேட்டாள். 100 என்று எழுதிவிட்டு வரச் சொல்லி அனுப்பியது நான்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு