புராஜெக்ட் ஃபைலில் படுக்கைப் (லேண்ட்ஸ்கேப்) பக்கங்கள்: பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புராஜெக்ட் சீசன் தொடங்கிவிட்டது. கூடவே அந்தக் கேள்வியும்: "அண்ணா, ஒரு டேபிளுக்கு மட்டும் லேண்ட்ஸ்கேப் கொடுத்தேன், எல்லாப் பக்கமும் படுத்துக்கிச்சு!"

வேர்ட் பக்கத்தைத் திருப்பாது, செக்‌ஷனைத்தான் திருப்பும். ஒரே பக்க அமைப்பு உள்ள பகுதிதான் செக்‌ஷன். ஃபைல் முழுக்க ஒரே செக்‌ஷன் என்றால் முழுக்கத் திரும்பத்தான் செய்யும். அதனால் டேபிளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என லேஅவுட் மெனுவின் பிரேக்ஸில் போய் 'நெக்ஸ்ட் பேஜ்' போடுங்கள். வெறும் 'பேஜ்' பிரேக் உதவாது. அப்புறம் கர்சரை டேபிளில் வைத்து லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் அது மட்டும் திரும்பும். கூகுள் டாக்ஸிலும் செக்‌ஷன் பிரேக் உண்டு. லிப்ரே ஆபிஸில் மட்டும் பேஜ் ஸ்டைல் வழியாகச் செய்ய வேண்டும்.

போட்ட பிரேக்கைப் பிறகு அழித்துவிடாதீர்கள். ஒரு செக்‌ஷனின் அமைப்பு அதன் முடிவில் உள்ள பிரேக்கில்தான் இருக்கிறது. டேபிளுக்கு முன்னால் உள்ளதை அழித்தால், மேலே நேராக நின்ற பக்கங்களும் படுத்துவிடும். கடைசி நாளில் நடக்கும் கூத்து பெரும்பாலும் இதுதான். பதறாமல் கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள்.

திரையில் சரியாகத் தெரிந்தாலும் பைண்டிங்கில் வேறு சிக்கல் உண்டு. ஒருபக்க பிரிண்டில், படுக்கைப் பக்கத்தின் தலைப்பகுதி தைக்கும் ஓரத்துக்கு வர வேண்டும். புத்தகத்தை வலப்பக்கம் திருப்பினால் டேபிள் நேராகத் தெரியும். ஆகவே மற்ற பக்கங்களில் இடதுபுறம் விடும் ஒன்றரை அங்குலத்தை இங்கே மேலே விடுங்கள். விடாவிட்டால் டேபிளின் தலைப்பு வரி தையலுக்குள் போய்விடும், காலிகோ (துணி ஒட்டிய கெட்டி அட்டை) பைண்டிங்கை அதற்கு மேல் விரித்துப் படிக்க முடியாது.

பக்க எண்ணை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்படியே விட்டால் அது டேபிளுக்குக் கீழே, அதாவது புத்தகத்தின் வெளி ஓரத்தில் படுத்துக் கிடக்கும். சில கைடுகள் இதைக் கண்டுகொள்வதில்லை, சிலர் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்ற பக்கங்களைப் போலவே கீழே நடுவில் வேண்டுமென்றால், அந்த செக்‌ஷனிலும் அடுத்த செக்‌ஷனிலும் ஃபுட்டரைத் திறந்து 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை அணையுங்கள். படுக்கைப் பக்கத்தில் உள்ள பழைய எண்ணை எடுத்துவிட்டு, இடது ஓரத்தின் நடுவில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் பக்க எண்ணை வைத்து, எழுத்தை 90 டிகிரி வலப்பக்கம் திருப்புங்கள். ஓரத்தை ஒட்டி வைக்க வேண்டாம். தைத்த பிறகு மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டுவோம், எண்ணும் சேர்ந்து போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வேர்ட் ஃபைலாகத் தந்தால் எங்கள் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லாமல் பக்கங்கள் இடம் மாறக்கூடும். படுக்கைப் பக்கங்களின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தால், தைப்பதற்கு முன் அவற்றை மட்டும் தனியாக எடுத்துத் திசை பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
டிடிபி, பைண்டிங் பிரிவு