வண்ணப் பாடத்தைத் துணியில் நடத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணித்துண்டுகளை இணைத்து குவில்ட் போர்வை தைக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் சிலவற்றில், தாளில் வண்ணச் சக்கரம் வரைந்து நீர்வண்ணம் தீட்டச் செய்வதோடு வண்ணப் பாடம் முடிந்துவிடுகிறது. அத்தகைய வகுப்பொன்றில் பயின்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் என்று படித்ததை நம்பி, இலைப்பச்சைத் துணியில் அரக்கு நிற நட்சத்திரங்களை வைத்து ஒரு போர்வை தைத்தேன். இரண்டு மாத உழைப்பு. சுவரில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது நட்சத்திரங்கள் தெரியவேயில்லை. கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்த பிறகுதான் காரணம் புரிந்தது. இரண்டு துணிகளும் ஒரே சாம்பலாக விழுந்திருந்தன. நிறம் வேறாக இருந்தாலும் அதன் அடர்த்தி, அதாவது வெளிரா அடரா என்பது, ஒன்றாக இருந்தால் உருவம் எடுபடாது என்பதை அந்த வகுப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் இந்த அறிவு வளர்ந்ததே நூலோடும் சாயத்தோடும்தான். பாரிஸின் கோபலென் திரைச்சீலை நெசவாலையில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூல், நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக நெய்யப்படும் கறுப்பு வலுவின்றித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறமே கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்று கண்டார். அந்த ஆய்வை 1839இல் நூலாகவும் வெளியிட்டார். நம் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையையும் எண்ணிப்பாருங்கள். நெடுக்கே ஓடும் நீலப் பாவும் குறுக்கே ஓடும் பச்சை ஊடையும் கிண்ணத்தில் குழைத்த சாயம்போலக் கரைந்துவிடாமல் தனித்தனியே நிற்பதால்தான், மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. புடவையைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்த பின்பே விலை பேசிய என் பாட்டிக்கு, விளக்கொளியில் நிறம் ஏமாற்றும் என்பது தெரிந்திருந்தது.

ஆகவே, பயிற்சி நடத்துவோர் தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைச் சேகரித்து, அவற்றை முதலில் நிறம் பாராமல் வெளிரிலிருந்து அடர்வரை வரிசைப்படுத்தவும், பிறகு ஒரே சாம்பல் துண்டை மஞ்சளின் மீதும் நீலத்தின் மீதும் வைத்து அது வெவ்வேறாகத் தோன்றுவதைக் கண்ணால் காணவும் மாணவியருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். வெட்டிய துண்டுகளைச் சுவரில் ஒட்டி, காலையிலும் மாலையிலும் பார்த்த பிறகே ஊசியைக் கையில் எடுக்கும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே ஏற்படுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
போர்வை தைக்கும் ஒரு வாசகி,
கும்பகோணம்.