நல்லூருக்கு வரமுதல் ஒரு பை

கோண்டாவில்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை நல்லூர்க் கோயில் தேருக்கும் தீர்த்தத்துக்கும் நிற்பாய் என்றது சந்தோசம். இங்கே சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. யன்னலைத் திறந்தால் மேசையில் புழுதி, பூட்டினால் புழுக்கம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முடியும் தறுவாயில் இருக்கிறது, நீ வந்து சேரும்வரை தாங்காது. மிச்ச ஊர்ப்புதினத்தை நேரில் கதைப்போம். முதலில் உன் கமராப் பையின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்று கேட்டு நீ படம் அனுப்பிய மூன்று பையும் உனக்குச் சரிவராது.

மூன்றிலும் பஞ்சு இரண்டு விரல் தடிப்பு. வெளியில் பார்த்தால் பெரிய பை, உள்ளே பார்த்தால் கமரா வைக்க இடமில்லை. கமரா கீழே விழுந்துவிடும் என்ற பயத்தை வைத்து விற்கிற பைகள் அவை. இங்கே கமரா விழுந்து கெடுவது குறைவு. வியர்வை, புழுதி, உப்புக்காற்று, திடீர் மழை, இந்த நாலாலும் கெடுவதுதான் கூட. ஆகவே பஞ்சு 5 மில்லிமீற்றர் இருந்தாலே காணும். வாரும் மூடியும் உள்துணியும் எப்படியென்று பார்.

அளவை முதலில் முடிப்போம். உன் பியூஜி எக்ஸ்-ரி 30இன் உடம்பு 118 மில்லிமீற்றர் அகலம், 83 உயரம், 47 தடிப்பு. 18-55 லென்ஸின் நீளம் 70. லென்ஸைப் பூட்டியபடி, லென்ஸ் கீழே பார்க்க வைப்பதுதான் எடுக்கச் சுகம். அப்படி வைத்தால் லென்ஸ் மூடியோடு சேர்த்து 12 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட ஆழம் போகும். வார் வளையங்களுக்கும் விரல் போய்வரவும் இடம் விட்டால், கமராவுக்கு மட்டும் 13 க்கு 9 சென்ரிமீற்றர் தட்டு வேணும். தூரத்துக்கு எடுக்கும் 55-200 லென்ஸ் 118 மில்லிமீற்றர் உயரம், 75 குறுக்களவு. அதை நிமிர்த்தி வைக்க 8 சென்ரிமீற்றர். நடுத்தடுப்புக்கு ஒரு சென்ரிமீற்றர். மொத்தம் உள்ளளவு 22 நீளம், 9 அகலம், 15 ஆழம். இதைவிடப் பெரிதாக வாங்காதே. இடம் கிடந்தால் தண்ணீர்ப் போத்தல், குடை, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக ஏறும். பிறகு பையை வீட்டில் வைத்துவிட்டுப் போகத்தான் மனம் வரும்.

கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் அநேகமாக வெளியளவுதான் இருக்கும். பஞ்சும் துணியும் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றரைத் தின்னும், முன்பக்கப் பொக்கற் இன்னும் கொஞ்சம் தின்னும். லீற்றர்க் கணக்கை நம்பவே நம்பாதே. 5 லீற்றர் பை நீட்டாகவும் இருக்கும், தட்டையாகவும் இருக்கும், லென்ஸ் நுழையாமலும் இருக்கும். அடிமட்டத்தைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விட்டு அள. இல்லாவிட்டால் கமராவையே கொண்டுபோ. வைத்து, மூடி, சிப்பை இழுத்துப் பார். சிப் இழுபடும்போது மேல்துணி கமராவின் மேலுள்ள திருகு சில்லுகளில் முட்டுகிறதா என்று பார். முட்டினால் பையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சில்லு தானாகத் திரும்பி, படத்தின் வெளிச்ச அளவு (எக்ஸ்போசர்) மாறியபடி நிற்கும்.

பாரம் இப்படி வரும்: கமரா பற்றரியோடு 383 கிராம், 18-55 லென்ஸ் 310, 55-200 லென்ஸ் 580. இவை மட்டும் 1273 கிராம். மேலதிக பற்றரி, துடைக்கும் துணி, புழுதி ஊதும் குழல் எல்லாம் சேர்த்து ஒரு 150. பை வெறுமையாக 600 கிராமுக்குள் இருந்தால் மொத்தம் இரண்டு கிலோவோடு நிற்கும். ஒரு தோளுக்கு அது காணும். தோலும் பித்தளையும் வைத்துத் தைத்த வடிவான பைகள் வெறுமையாகவே ஒரு கிலோ தாண்டுவதும் உண்டு. அந்தப் பாரத்தை நாள்முழுக்கச் சும்மா சுமக்க வேணும்.

இனி வார். நோவு வருவதும் வராமல் விடுவதும் இதில்தான், ஆனால் கனபேர் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். அகலம் 38 மில்லிமீற்றராவது இருக்க வேணும். 25 மில்லிமீற்றர் வார் இரண்டு கிலோவோடு அரை மணித்தியாலத்தில் தோளில் கோடு போட்டுவிடும். அதைவிட முக்கியம் விளிம்பு. வாரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து விளிம்பு வழியே உருவிப் பார். மலிவு நைலோன் வாரின் விளிம்பு பனங்கருக்குப் போலக் கையை அறுக்கும். சேட்டுக்கு மேலே போட்டால் அது தெரியாது. நீ நல்லூரில் மேல் சேட்டில்லாமல் வேட்டியோடு நிற்கப்போகிறாய். வெறுந்தோளில், வியர்வைக்கு நடுவில், அந்த விளிம்பு கழுத்தடியை அராவி எடுத்துவிடும். கார்களின் சீற் பெல்ற் போல மழமழவென்று நெருக்கமாக நெய்த வார் இதற்கு நல்லது. பருத்தி வார் மெத்தென்று இருக்கும், வழுக்காது, ஆனால் வியர்வையைக் குடித்து மூன்றாம் நாள் நாறும், உப்புப் பூக்கும். தோய்க்கக் கழற்றக்கூடிய வார் என்றால் பருத்தியும் பரவாயில்லை.

தோள்மெத்தை வேணுமா என்று கேட்டிருந்தாய். இரண்டு கிலோவுக்கு வேண்டாம். அகலமான நல்ல வார் போதும். மெத்தை வைத்தால் அது வாரிலே ஓடி முதுகுப் பக்கம் போய்விடும், வாரைத் தலைக்கு மேலால் மாட்டும்போதும் தடக்கும்.

வார் பையில் எந்த இடத்தில் பொருத்தியிருக்கிறது என்று வடிவாகப் பார். பக்கச்சுவரின் நடுவில் பொருத்தினால் பை முன்னுக்குச் சரியும், வாய் உன் உடம்பை விட்டு விலகித் தொங்கும். முதுகுப் பக்க விளிம்போடு, மேலே பொருத்தினால் பை இடுப்போடு ஒட்டி நிற்கும். தையல் ஒரு பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறி இழுத்ததாக இருக்க வேணும். வெறும் இரண்டு வரித் தையல் ஒரு பக்கம் விட்டுப்போனால் மற்றதும் கெதியாக விட்டுப்போகும். கொழுக்கிகள் இன்னொரு தொல்லை. சுழலும் கொழுக்கியில் பளபளப்பு மட்டும்தான் இரும்பு போல. உள்ளே அநேகமாக வார்ப்பு உலோகம், சுழலும் கழுத்தில்தான் முறியும். நடக்கும்போது கீச்சுக் கீச்சென்ற சத்தம் வேறு. கொழுக்கி இல்லாமல் வாரைப் பையோடு சேர்த்தே தைத்தது என்றால் ஒரு பயம் குறையும், ஆனால் தோய்க்கக் கழற்ற ஏலாது. உனக்கு எது என்று நீதான் முடிவெடுக்க வேணும். நான் என்றால் தைத்ததை எடுப்பேன்.

நீளம்: குறுக்காகப் போட்டு, பையின் வாய் இடுப்பெலும்பு மட்டத்தில் நிற்க வேணும். அதற்குக் கீழே தொங்கினால் நடக்க நடக்கத் தொடையில் அடிக்கும். இடப்பக்கம், சற்று முன்னுக்குப் போட்டால் வலக்கை நேராகக் கமராவின் பிடியில் போய் விழும். வாரைச் சுருக்கும் வளையம் பாரத்தில் தானாக வழுக்குகிறதா என்று கடையிலேயே பார்: பையைப் பிடித்துப் பத்துத் தரம் குலுக்கு. வழுக்கினால் அந்தப் பையை வைத்துவிட்டு வா. அதைத் திருத்த ஏலாது, முடிச்சுத்தான் போட வேணும்.

மோட்டார் சைக்கிளில் போவதென்றால் பையை முதுகுக்குத் தள்ளு. பிரேக் பிடித்தவுடன் அது சுழன்று முன்னுக்கு வரும். அதைத் தடுக்க இடுப்பைச் சுற்றி ஒரு சின்ன வார் இருக்கிற பை நல்லது. இல்லையென்றால் இங்கே குஷன் வேலைக் கடையில் இரண்டு வளையம் தைப்பித்து ஒரு வாரைக் கொழுவலாம். சைக்கிள் ஹான்டிலில் மட்டும் கொழுவாதே. நம் ஒழுங்கைகளின் அதிர்வு நேராக லென்ஸுக்குப் போய், உள்ளே உள்ள சின்ன ஸ்குறூக்களைத் தளர்த்தும். உடம்பில் போட்டால் அந்த அதிர்வை உன் முதுகு வாங்கிக்கொள்ளும்.

மூடிக்கு வருகிறேன். வெல்க்ரோ மட்டும் வைத்த மூடி வேண்டாம். சத்தம் ஒரு பக்கம். மூடியைத் திறந்து வைத்திருக்கும்போது முள்ளுப் பக்கம் வெளியே பார்க்கும், சனத்துக்குள்ளே பக்கத்தில் நிற்கிற ஆளின் பட்டுச்சேலை அதில் ஒருக்கால் பட்டாலே நூல் இழுபட்டுவிடும். பிறகு நீ படம் எடுத்த மாதிரித்தான். வெளி வீதி மணலும் அந்த முள்ளுக்குள்ளே போய் இருக்கும், பிறகு அது பிடிக்காது. சிப்பும் அதற்கு மேலே வந்து விழும் மடிப்பு மூடியும் சேர்ந்திருந்தால் சிறப்பு: அவசரத்துக்கு மடிப்பு மட்டும், சனத்துக்குள்ளும் புழுதிக்குள்ளும் சிப். சிப் நைலோன் பல்லாக இருக்கட்டும். உலோகப் பல்லு உப்புக்காற்றில் பச்சை பூத்து இறுகும். சிப்பின் பின்பக்கம் ஓர் இலக்கம் பொறித்திருக்கும், 5 அல்லது 8 என்று. பூட்டிய பல்லின் அகலம் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள். பிரதான வாய்க்கு 8 நல்லது, 5க்குக் குறைய வேண்டாம். இறுகினால் எண்ணெய் விடாதே, புழுதி ஒட்டும். மெழுகுதிரியைப் பல்லிலே தேய்த்தால் காணும்.

'தண்ணீர் புகாத சிப்' என்று மினுங்குவதைக் காட்டுவார்கள். பல்லுக்குள்ளால் இலேசில் புகாது, உண்மை. சிப் முடியும் இரண்டு மூலையாலும் புகும். நீ வருவது வெயில் காலத்தில், ஆனாலும் பின்னேர மழை ஒன்று எதிர்பாராமல் கொட்டும். குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவுக்குப் போகும்போது கடல்தண்ணி தெறிக்கும். பெரிய பிளாஸ்ரிக் சொப்பிங் பாக் ஒன்றை மடித்து முன்பொக்கற்றில் வை. படகில் பையை முழுதாக அதற்குள் இறக்கி வாயை முறுக்கிக்கொள். கரைக்கு வந்ததும் பையின் வெளிப்பக்கத்தை நல்லதண்ணீர் நனைத்துப் பிழிந்த துணியால் துடை. உப்புக் காயவிட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தபடியே இருக்கும்.

துணியில், மெழுகு பூசிய கன்வஸ் வேண்டாம். படத்தில் ஆளை மயக்கும், குளிர் நாட்டுக்கு நல்ல சாமான். நம் வெயிலில் மெழுகு இளகி, வெள்ளை வேட்டியில் பழுப்புத் தீட்டாக இறங்கும். உள்ளே ரப்பர் போல ஒரு பூச்சுப் பூசிய பைகளும் உண்டு. அந்தப் பூச்சு வெக்கைக்கும் ஈரத்துக்கும் சில வருசத்தில் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். பெருவிரலை உள்துணியில் பத்து விநாடி அழுத்தி எடு. ஒட்டினால் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பஞ்சில் இரண்டு வகை. தண்ணீர் குடிக்கும் ஸ்பொஞ்ச் ஒன்று, றப்பர்ச் செருப்புப் போலக் குடிக்காதது மற்றது. முதுகுப் பக்கத்துக்கு இரண்டாவதுதான் வேணும், இல்லையென்றால் உன் வியர்வை நேராக லென்ஸுக்குப் போகும். பை எல்லாவற்றிலும் பிடித்து இது ஒன்றுதான் குறை என்றால், பிளாஸ்ரிக் பைல் உறையொன்றை அளவாக வெட்டி முதுகுப் பஞ்சுக்கும் உள்துணிக்கும் நடுவில் செருகு. வேலை முடிந்தது.

ஒரு சின்னக் கதை. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் பைகள் 1973இல் மீன்பிடிக்காரருக்கென்று தொடங்கியவை, படப்பிடிப்பாளர்கள் பிறகுதான் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கடற்கரை ஆட்கள் மீன் போடும் ஓலைப் பறியும் அதே வேலைக்குத்தான். பனையோலை காற்றை விடும், வியர்வையை வைத்திருக்காது. தடுப்போடு தனியாக விற்கும் பஞ்சு உள்ளுறை ஒன்றை ஓர் உமலுக்குள், அதுதான் பனையோலைப் பைக்குள், வைத்தால் கமராப் பையென்று ஒருவரும் மதிக்கமாட்டார்கள். வாய் பூட்ட வழியில்லை என்பதுதான் பிழை.

வாங்கியவுடன் பற்றுச்சீட்டைக் கவனமாக வை, ஒன்றையும் கழற்றாதே. ஒரு கிலோ சீனி, ஒரு கிலோ அரிசி இரண்டையும் பைக்குள் வைத்து வீட்டுக்குள்ளேயே அரை மணித்தியாலம் நட, மாடிப்படி ஏறி இறங்கு, குனிந்து சப்பாத்தைக் கட்டு. குனியும்போது பை நெஞ்சுக்கு முன்னால் ஓடி வந்தால் வார் நீளம் கூட. கழுத்தடி நொந்தால் விளிம்பு சரியில்லை. இரண்டையும் அங்கேயே கண்டுகொண்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

இங்கே வந்தபின் இரவில் கமராவைப் பைக்குள் விடாதே. வியர்வை ஊறிய பை பூஞ்சணத்துக்கு வீடு. காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதனை 40 முதல் 50 வீதத்துக்குள் வைக்கலாம். ஜெல் நிறம் மாறினால் அவணில் 120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்பவும் வேலை செய்யும். பையை நிழலில், காற்றுப்படக் கவிழ்த்துத் தொங்கவிடுவோம். கோயிலுக்கு உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வெளி வீதியில் 18-55 மட்டும் போதும். 55-200ஐத் தேரன்று மட்டும் எடுத்துவா, மற்ற நாட்களில் அந்தத் தட்டில் தண்ணீர்ப் போத்தலை வைக்காதே, சால்வையை மடித்து வை.

விமானத்தில் மேலதிக பற்றரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேணும், பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள். ஒவ்வொன்றின் உலோக முனைக்கும் மூடி போடு, மூடி இல்லையென்றால் ஒட்டுநாடா ஒட்டு. பை முடிவானதும் உள்ளளவையும், வார் கழலுமா இல்லையா என்பதையும் மட்டும் எழுதி அனுப்பு. இடுப்பு வாருக்கு வேண்டிய வளையத்தை நான் இங்கே வாங்கி வைக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்